விடுங்க தம்பி, போகட்டும்!

மாரத்தானுக்குத் தயாராகிறவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலை நாலு மணி அலாரம், முப்பது கிலோமீட்டர் ஓட்டம், துரத்துகிற தெருநாய் என்று அடுக்குவார்கள். என் ஓட்டு கடைசி வாரத்துக்குத்தான். அந்த வாரம் ஆசை தீர ஓடக் கூடாது!

மும்பை மாரத்தான் 2004-ல் ஆரம்பித்தது. வழக்கமாக ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடக்கும். எனக்கு அதுதான் முதல் 42.195 கிலோமீட்டர். முந்தைய வியாழக்கிழமை காலை, பெங்களூர் கப்பன் பூங்காவில் கடைசிப் பயிற்சி. அட்டவணையில் என்ன போட்டிருந்தது தெரியுமோ? வெறும் 5 கிலோமீட்டர். அதுவும், 'பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்!'

1870-ல் போட்ட பூங்கா. மூங்கில் புதர்கள், சிவப்பு ஹைகோர்ட் கட்டடம், ஜில்லென்ற காற்று... பத்து நாளாக ஓட்டத்தைக் குறைத்து, இட்லியும் சோறுமாக உள்ளே தள்ளிய உடம்பு வேறு. கால் தானாகப் பறக்கிறது. லைப்ரரி பக்கம் திரும்பும்போது, காதில் பாட்டு மாட்டிய பையன் ஒருவன் 'சர்'ரென்று தாண்டிப் போனான். இன்க்ரிமென்ட்டில் நம்மைத் தாண்டிப் போனவர்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தார்கள்!

கூட ஓடிய பெரியவர் ரிட்டயர்டு பாங்க் ஆசாமி. ஆறு மாரத்தான் ஓடியவர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"விடுங்க தம்பி, போகட்டும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிச்சுப் பாஸ் பண்ணினவன் உண்டு. மாரத்தான்ல அப்படி ஒருத்தன்கூடக் கிடையாது."

"கொஞ்சம் வேகமாப் போய்ப் பார்த்தா ஒரு தைரியம் வருமேன்னு..."

"வரும். கூடவே முட்டி வலியும் வரும்!"

அவர் சொல்வது நியாயம்தான். இன்று கஷ்டப்பட்டு ஓடினால் அதன் பலன் உடம்பில் சேரப் பத்து நாளாவது ஆகும். களைப்பு மட்டும் உடனே சேர்ந்துவிடும். தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து பலருக்கு முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் மும்பையில் பெடர் ரோடு மேடு! பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர்ந்த ஊர். மும்பையோ கடலோரப் புழுக்கம். சேமிப்பை வியாழக்கிழமையே கரைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மேட்டில் யாரிடம் கடன் கேட்பது?

'சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது' என்று டாக்டர் சொன்ன பயத்தில் ஓட ஆரம்பித்தவன் நான். இந்தப் போட்டிக்காக மட்டும் இருபது வார உழைப்பு. அதை முன்பின் தெரியாத ஒரு பையனுக்காகப் பணயம் வைக்கவா? போகட்டும் என்று விட்டுவிட்டேன். வாட்ச்சில் 5 வந்ததும் நின்றேன். மூச்சுகூட வாங்கவில்லை. இருபது வாரத்தில் நான் செய்த கஷ்டமான பயிற்சி அதுதான்!

முதல் மாரத்தான் ஓடப் போகிறீர்களா? கடைசி வாரத்தில் புது ஷூ வேண்டாம், பழகாத சாப்பாடு வேண்டாம். கால் நகத்தை மறக்காமல் வெட்டிக்கொள்ளுங்கள். பூங்காவில் யாராவது தாண்டிப் போனால் சிரித்தபடி கையாட்டுங்கள். பாவம், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறவராகக்கூட இருக்கலாம்!