வண்டல் வாரும் வளைகுழாய்

மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர்க் குழாயை விட்டு உறிஞ்சியவர்கள் யாவரும் 'சைபன்' தத்துவத்தை அறிந்தவர்களே. வாயில் எண்ணெய் பட்ட அனுபவமும் உண்டு! சிற்றணையின் மேல் குழாயை வளைத்து, நீர் நிரப்பி, வெளிமுனையை நீர்மட்டத்திற்குக் கீழே தாழ்த்தினால், எஞ்சினின்றியே நீர் அணையைத் தாண்டி ஓடும். வளைவின் உச்சி மட்டும் நீர்மட்டத்திற்கு மேல் ஏழெட்டு மீட்டருக்குள் இருக்கவேண்டும். வளிமண்டல அழுத்தம் தாங்குவது சுமார் 10 மீட்டர் நீரையே.

நீர் வந்தால் போதுமா? சேறு நிரம்பிய அணையால் யாருக்குப் பயன்? உள்முனையை அடிச்சேற்றருகே இறக்கினால் வண்டலும் உடன் வரும். ஆனால் குழாய் தன் வாயருகே உள்ளதைத்தான் இழுக்கும். ஆகவே முனையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். ஓட்டத்தின் வேகம் குறைந்தாலோ, மணல் தங்கிக் குழாயையே அடைத்துவிடும்.

அல்ஜீரியாவின் ஜிடியூயா நீர்த்தேக்கத்தில் 1892 முதல் 1894 வரை ழாண்டேன் என்பார், நீர்மட்ட வேறுபாட்டின் விசையைக் கொண்டே சுமார் 14 இலட்சம் கன மீட்டர் வண்டலை வெளியேற்றினார்.