எழ மறுத்த கணினி

பள்ளிக்கூடத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றி, 2017-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். கணினியைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. பொறியியல் நான் பயின்றதில்லை. பயின்றதெல்லாம் ஆசிரியப் பயிற்சி ஒன்றுதான். ஆயினும், 2023-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் என் வீட்டு மேசைக் கணினி பாதி வழியில் நின்றுவிட்டது. அதனை எழுப்ப நான் பட்ட பாடும், அதனால் அறிந்து கொண்டவையும் ஒரு சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தினாலேயே பேசத் துணிந்தேன்.

அக்கணினியில் இருந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் எங்கள் வட்டாரத்து முதிய உழவர்களிடம் உழவுத் தொழிற் சொற்களைக் கேட்டுத் தொகுத்து வருகிறேன். ஏர் பூட்டி உழுத நாளில் வழங்கியவை, ஏற்றம் இறைத்த நாளில் வழங்கியவை, நாற்றங்காலிலும் களத்து மேட்டிலும் பேசப்பட்டவை, பழைய நெல் வகைகளின் பெயர்கள் என்று 4,000-க்குச் சற்று மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருந்தன. பலவற்றுக்குச் சொன்னவர் குரலிலேயே ஒலிப்பதிவும் உண்டு. சொன்னவர்களுள் 11 பேர் இன்று உயிரோடில்லை. படி எடுத்து வைத்திருந்தீரா என்று கேட்பீர்கள். ஈராண்டுக்கு முந்திய படி ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதற்குப் பின் சேர்ந்தவற்றுக்குப் படி இல்லை. வீட்டுப் பாடத்தை நாளைக்கு என்று தள்ளிப் போடாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கடிந்துகொண்ட வாய் இது!

அன்று மாலை மின்சாரம் இருமுறை போய் வந்தது. பிறகு கணினியின் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் கணினியைச் செய்த நிறுவனத்தின் முத்திரை தோன்றிற்று. அவ்வளவுதான். கால் மணி நேரம் சென்றும் முத்திரை அப்படியே இருந்தது. விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் பயனில்லை.

மறுநாள் பெட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்து ஊரில் உள்ள கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைப் பையன் ஒரு நிமிடம் பார்த்தான். “பார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா ஏத்தணும் சார். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?” என்றான். பரவாயில்லையா என்னும் அச்சொல்லைக் கேட்டதும் என் கைகள் தாமாகவே பெட்டியைத் திரும்பச் சுற்றத் தொடங்கிவிட்டன. அவனைக் குறை கூறுவதற்கில்லை. பத்தில் ஏழெட்டுக் கணினிகள் அவ்வைத்தியத்தால் பிழைத்தும் இருக்கலாம். ஆனால் நோய் எங்கே என்று பாராமல் மருந்து கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை.

பொத்தானை அழுத்தியது முதல் கணினிக்குள் நிகழ்வது யாது? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற் பாடம். ஆகையால் ஒரு பள்ளிக்கூடத்தின் காலை வேளையை நினைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் காவலர் வாயிற்கதவைத் திறக்கிறார். கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் மின்வழங்கியின் வேலை இது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை அது 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர் மின்னோட்டமாக மாற்றுகிறது. மின்னழுத்தம் நிலைபெற்றதும் மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கிறது. எல்லாம் ஏறக்குறைய அரை விநாடிக்குள் முடிந்துவிடும். சைகை கிடைத்த பின்னரே பிராசஸர் கண் விழிக்கும்.

விழித்த பிராசஸருக்கு ஒன்றும் நினைவிராது. ராம் எனப்படும் நினைவகம், மாலையில் துடைத்துவிட்டுப் போன கரும்பலகை போன்றது. ஆகவே, மின்சாரம் இல்லாத போதும் அழியாத ஒரு சிறு சில்லில் தொடக்கக் கட்டளைகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இதற்குப் பயாஸ் என்று பெயர். 1970-களின் நடுவில் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் தாம் இயற்றிய சி.பி.எம். என்னும் இயக்க முறைமையின் ஒரு பகுதிக்கு இட்ட பெயர் அது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டருக்குப் பின், சில்லில் உறையும் நிரலுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. இக்காலத்துக் கணினிகளில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புது முறை அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் இன்றும் பயாஸ்தான். தொடங்குவதைப் ‘பூட்’ என்கிறார்களே, அச்சொல்லும் வேடிக்கையானது. தன் காலணியின் பின்வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக் கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் இயந்திரத்திற்கு அப்பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

எழுந்த பயாஸ் செய்யும் முதல் வேலை வருகைப் பதிவு. ராம் இருக்கிறாயா? திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறாயா? விசைப்பலகை? ஹார்ட் டிஸ்க்? ஒவ்வொன்றும் ‘உள்ளேன் ஐயா’ என்று விடை கூறவேண்டும். பின்னர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸின் தொடக்கப் பகுதியைப் படித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டுப் பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். அப்போதுதான் வகுப்புகள் தொடங்குகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மாணவன் வரவில்லையென்றால் ஆசிரியருக்குத் தொல்லையில்லை. வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வந்து அமர்ந்திருந்தும் வாய் திறவாத மாணவன்தான் தொல்லை. ஆசிரியர் அவன் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். வகுப்பு முழுவதும் நிற்கும். கணினி ‘ஹேங்க்’ ஆகிவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்நிலையைத்தான். இயந்திரம் செத்துவிடவில்லை, எதனிடமிருந்தோ விடையை எதிர்பார்த்துக் காத்து நிற்கிறது.

எனவே, எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்ப்பதே நோயறியும் வழி. விசிறியே சுழலவில்லையெனில் மின்வழங்கியையோ சுவரிலுள்ள மின்துளையையோ ஐயுறலாம். விசிறி சுழன்று திரை இருண்டிருந்து, ‘பீப்’ என்னும் ஒலி விட்டு விட்டுக் கேட்டால், பெரும்பாலும் ராம் அல்லது திரைப் பகுதியின் குறை. அவ்வொலிக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முத்திரையைக் கடந்து, விண்டோஸின் புள்ளிகள் வட்டமிடும் போது நின்றால் குறை விண்டோஸின் கோப்புகளிலோ அவற்றைத் தாங்கும் தட்டிலோ இருக்கும். என் கணினி முத்திரையிலேயே நின்றது. விண்டோஸ் அதுவரை பேச்சுக்கே வரவில்லை. அப்படியிருக்க, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதால் என்ன பயன்? இவ்வளவு எளிய கேள்வி கடையில் எனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கப்பட்டேன்.

என் பழைய மாணவர் ஒருவர் வெளியூரில் இத்தொழில் செய்கிறார். எட்டாம் வகுப்பில் கணக்குக்காக என்னிடம் அடி வாங்கியவர். தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் கேட்டது, “ஐயா, பெட்டிக்குள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறதா?” என்பது. இல்லை என்றேன். “வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே சுழலும் தட்டை ஊசி முனை உரசலாம். அதற்கப்புறம் நாம் தொடக்கூடாது. தரவு மீட்பதற்கென்றே இருப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டாலும் சும்மா சும்மா போட்டு அணைக்காதீர்கள்” என்றார். நானோ முதல் நாள் இரவு பத்து முறையாவது பொத்தானை அழுத்தியிருந்தேன்.

பின்னர் அவர் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. முதற்கண், வெளியே செருகியிருந்த பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கினேன். கெட்டுப்போன பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தாலும் சில கணினிகள் முத்திரையிலேயே நின்றுவிடுமாம். என் கணினி அதற்கு அசையவில்லை. அடுத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, எஞ்சிய மின்சாரம் வடியும்படி பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தேன். இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒன்பதாண்டுத் தூசி. மூலையில் காய்ந்துபோன பல்லி ஒன்று. தூசியைத் துடைத்தேன். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. கம்பியை உருவிய பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும்.

ராம் பட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி, முதலில் ஒன்றை மட்டும், பிறகு மற்றதை மட்டும் பொருத்திப் பார்த்தேன். மாற்றம் இல்லை. மதர்போர்டில் உள்ள வட்ட மின்கலத்தையும் பார்த்தோம், சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் கலம் அது. அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். பயாஸின் அமைப்புகளும் மாறிவிடும். அளந்ததில் அது நல்ல நிலையில் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள், இரண்டை மாற்றாதீர்கள் என்று என் மாணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நான் அவருக்குச் சொன்னதுதான் அது. என்னிடமே திரும்பி வந்தது.

ஐந்தாவதாக, ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் மெல்லிய சாட்டா கேபிளை உருவிவிட்டு, மின்சாரம் கொடுத்தேன். இரண்டே விநாடியில் முத்திரை மறைந்தது. தொடங்குவதற்குரிய தட்டு எதுவும் இல்லை என்று கரிய திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. பிழைச்செய்தி ஒன்றைக் கண்டு மனிதன் இவ்வளவு மகிழக் கூடும் என்று நான் நினைத்ததில்லை. மின்வழங்கியும் மதர்போர்டும் பிராசஸரும் ராமும் குற்றமற்றவை என்று அவ்வொரு வரி சொல்லிவிட்டது. வாய் திறவாத மாணவன் யார் என்பதும் தெரிந்துவிட்டது.

ஆயினும் தட்டுத்தான் குற்றவாளி என்று அப்போதே தீர்ப்புக் கூறுவதற்கில்லை. கேபிளாகவும் இருக்கலாம், கேபிள் செருகும் துளையாகவும் இருக்கலாம். டி.வி.டி. பகுதிக்கு இருந்த கேபிளைக் கழற்றி, முதலில் பழைய துளையிலும், பிறகு வேறு துளையிலும் இட்டுப் பார்த்தோம். இருமுறையும் முத்திரை நின்றது. குற்றம் தட்டில்தான். பார்மட் செய்திருந்தால் சொற்களும் போயிருக்கும், நோயும் தீர்ந்திராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மாணவர் தம் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அதை லினக்ஸில் முழுதும் எழுப்பிவிட்டு, அதன் பிறகே என் ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாக இணைத்தார். வருகைப் பதிவு முடிந்த பின் பையனை உள்ளே அழைத்தால் வகுப்பு நிற்காதல்லவா? டி.டி. ரெஸ்க்யூ என்னும் இலவச நிரலைக் கொண்டு, தட்டில் உள்ளதைப் புதிய தட்டு ஒன்றுக்கு அப்படியே படியெடுக்கத் தொடங்கினார். நோயுற்ற தட்டில் ஓர் எழுத்தும் எழுதப்படக் கூடாது. படிக்க மட்டுமே செய்ய வேண்டும். அந்நிரல் வேலை செய்யும் விதம் என்னைக் கவர்ந்தது. படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே மல்லுக்கு நிற்காமல் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்கிறது. பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயல்கிறது. தெரிந்த வினாக்களுக்கு முதலில் விடை எழுது, தெரியாததற்குக் கடைசியில் வா என்று தேர்வுக்கு முதல் நாள் பிள்ளைகளுக்குச் சொல்வோமே, அதே உத்தி. எதுவரை வந்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு முறை போகவும் போயிற்று.

500 ஜி.பி. தட்டு. 31 மணி நேரம் ஓடிற்று. அன்றிரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய்யாகும். திங்கட்கிழமை பிற்பகலில் படியைத் திறந்து பார்த்தோம். சொற்றொகுதி முழுதாக வந்துவிட்டது. ஒலிப்பதிவுகளில் நான்கு திறக்கவில்லை. அவற்றுள் மூன்றுக்கு என் குறிப்பேட்டில் எழுத்து வடிவம் இருந்தது. நான்காவதற்கு இல்லை. ஏற்றத்தின் உறுப்புகளையெல்லாம் துலாவிலிருந்து சால் வரை ஒரு முதியவர் பெயர் சொல்லிக்கொண்டு போன பதிவு அது. சொற்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அவர் 2022-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இப்போது என் கணினியில் புதிய தட்டு இருக்கிறது. தொகுதியின் படிகள் இரண்டு, ஒன்று என் அலமாரியிலும் மற்றொன்று என் தங்கை வீட்டிலுமாக இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டையும் புதுப்பிக்கிறேன். மழை விட்ட பின், அம்முதியவரின் மூத்த மகனைப் போய்ப் பார்த்தேன். அவருக்கே எழுபது வயது. சிறு பிராயத்தில் தந்தையோடு ஏற்றம் மிதித்தவர். திண்ணையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டு வந்தார். 17 சொற்கள் கிடைத்தன. அன்றைக்கே எழுதிக் கொண்டேன்.