நொறுக்கு ரொட்டி

மைதா பிரெட்டுக்கு மாற்றாக வீட்டிலேயே சுடக்கூடிய விதை ரொட்டி. நல்லதுதான், எண்ணிச் சாப்பிட்டால்.

2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு, காலை டோஸ்ட்டின் ருசியைக் கெடுத்தது. பரிசோதித்த 38 பிரெட், பன், பீட்ஸா, பர்கர் வகைகளில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட். புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். அடுத்த மாதமே அதற்குத் தடை வந்தது. புரோமேட் போனது, மைதா போகவில்லை. 'பிரௌன்' என்று விற்கும் பிரெட் சிலவற்றின் நிறமே கேரமல் உபயம். கவரில் சேர்மானங்களை எடை வரிசைப்படிதான் அச்சிட வேண்டும். முதல் பெயர் மைதாவாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

மாவு உப்ப வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ரசாயனமும். உப்பவே வேண்டாத ரொட்டிக்கு இவை எதற்கு? ஸ்வீடன்காரர்களின் 'க்னேக்கெப்ரோட்' அந்த ரகம். 'க்னேக்கா' என்றால் உடைப்பது. நம் 'நொறுக்குத் தீனி'க்குச் சொந்தக்காரச் சொல் எனலாம். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டே முறை சுடுவார்கள்: அறுவடை முடிந்ததும், பனி உருகி ஆறு ஓடத் தொடங்கும் வசந்தத்திலும். நடுவில் ஓட்டையிட்ட வட்ட ரொட்டிகளைக் கழியில் கோர்த்துக் கூரையடியில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஈரம் இல்லை, எனவே பூஞ்சை இல்லை.

அது பெரும்பாலும் 'ரை' தானிய ரொட்டி. விதைகளைக் கொட்டித் தகடாகச் சுடுவது நார்வே வீடுகளில் சகஜம். நம் ஊரில் ரை கிடைப்பது அரிது. கோதுமை மாவே போதும். கோதுமை மாவு, ஓட்ஸ் தலா அரை கப். எள், ஆளி விதை, சூரியகாந்தி விதை, பூசணி விதை தலா கால் கப். அரை ஸ்பூன் உப்பு. ஒன்றேகால் கப் வெந்நீர் ஊற்றிக் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். ஆளி விதை வழவழப்பாகிக் கலவையைப் பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட்டும் வேண்டாம், பிசையவும் வேண்டாம். அவன் தட்டில் பேக்கிங் தாள் விரித்து, மேலே இன்னொரு தாள் வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். தடித்தால் நடுவில் வேகாது. மேல் தாளை எடுத்துவிட்டு 160 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டு, வெளியே எடுத்துக் கத்தியால் கட்டம் போடுங்கள். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடையிடையே கதவைத் திறந்து ஆவியை வெளியேற்றுவதுதான் சூட்சுமம். இது சுடும் வேலை அல்ல, உலர்த்தும் வேலை. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் எள் கருகிக் கசக்கும்.

இனி, பலர் சொல்லாமல் விடும் விஷயம். இந்த விதைகளில் எதுவும் 100 கிராமுக்கு 500 கலோரிக்குக் குறைந்ததல்ல. சாதாரண வெள்ளை பிரெட்டில் சுமார் 265 கலோரிதான். நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உண்டு என்பது உண்மை. மெலியலாம் என்று டப்பாவைக் காலி செய்பவர் ஏமாறுவார். மாவும் ஓட்ஸும் இருப்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது கணக்கில் வராத பண்டம் அல்ல. இரண்டு துண்டு, கூடவே தயிரோ வெள்ளரிக்காயோ போதும். நன்றாக மென்று சாப்பிட வேண்டும். முழு ஆளி விதை மெல்லப்படாவிட்டால் வந்த வழியே போய்விடும்.

அவன் இல்லாதவர்கள் குஜராத்தியரைக் கேட்கலாம். மெல்லிய சப்பாத்தியைத் தோசைக்கல்லில் சிறு தீயில், துணியாலோ மரக்கட்டையாலோ அழுத்தி அழுத்தி வாட்டிய காக்ராவும் இதே தத்துவம்தான். மாவில் எள்ளும் பொடித்த ஆளி விதையும் சேர்த்தால் ஸ்வீடன் வரை போக வேண்டியதில்லை.

எதுவானாலும் நன்றாக ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் இரண்டே நாளில் நமுத்துவிடும். மறுபடி ஐந்து நிமிடம் சூடு காட்டினால் சத்தம் திரும்பிவிடும். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் அதைச் சூடு காட்டித் தேற்ற முடியாது. கொட்டிவிட வேண்டியதுதான்.