பில் சாப்ட்வேர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பில் போடும் சாப்ட்வேர் விற்க வருபவர், "எல்லாம் வரும் சார்" என்பார். வரும்தான், அவர் காட்டும் பொருளுக்கு, அவர் காட்டும் வழியில் வரும். "எங்கே தப்பும்?" என்று கேட்பதற்கே கம்பெனிகளில் டெஸ்டர் என்று தனி ஆள் உண்டு. நம் கடைக்கு அந்த ஆள் நாமேதான். ஏனென்றால் வரி குறைந்தால் நோட்டீஸ் நம் பெயருக்குத்தான் வரும், சாப்ட்வேர் விற்றவருக்கு வராது.

2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சரிடம் அன்னபூர்ணா சீனிவாசன் அவர்கள் கேட்டது நினைவிருக்கும். பன்னுக்கு வரியில்லை, கிரீம் வைத்தால் 18 சதவீதம், பில் போடக் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். வரி பற்றிய கேள்விதான். ஆனால் சாப்ட்வேரைச் சோதிக்கவும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

"அரிசிக்கு வரி சரியாக வருமா?" என்றால் "வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லேபிள் ஒட்டிய 25 கிலோ சிப்பத்துக்கு 5 சதவீதம். 26 கிலோவுக்கு இல்லை. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் இல்லை. மூன்றையும் ஒரே பில்லில் போடச் சொல்லுங்கள். கோளாறு பெரும்பாலும் 25-க்கும் 26-க்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

2025 செப்டம்பர் 22-ல் நெய் வரி 12-லிருந்து 5 ஆனது. 20-ந் தேதி விற்ற டின் 25-ந் தேதி திரும்பி வந்தால்? பழைய பில்லின் 12 சதவீதத்திலேயே வரவு வைக்க வேண்டும். வைக்கிறதா?

பாதி பில்லில் கரண்ட் போனால் என்ன ஆகும்? வாய்ப்பதில் போதாது, அவர் எதிரிலேயே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.