பிழைக்குறியீடும் பழுதறிதலும்: பி0171-ஐ முன்வைத்து

அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் மகிழுந்துகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறையில், பிழைக்குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களுமாக அமையும். பி0171 என்பதில் ‘பி’ எஞ்சின், கியர்ப்பெட்டித் தொகுதியையும், 0 பொதுக் குறியீட்டையும், அடுத்த 1 எரிபொருள்-காற்று அளவீட்டையும் சுட்டும். முதல் சிலிண்டர் வரிசையின் கலவையில் எரிபொருள் குறைவு என்பதே இதன் பொருள்.

இதைக் கண்டதும் ஆக்சிஜன் உணரியை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவே. குறையை அறிவித்தது அவ்வுணரி. அதனாலேயே அது பழுதுற்றது என்றாகாது. காற்றுக்கசிவு, அழுக்கேறிய காற்றளவு உணரி, தாழ்ந்த எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். கணினி கூடுதலாகச் செலுத்தும் எரிபொருளின் விழுக்காடு, வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடுகையில் மிகுந்து, சுழற்சி கூடுகையில் குறையுமாயின் கசிவையே முதலில் ஐயுறல் வேண்டும். மாறாக, சுழற்சியோடு அதுவும் கூடுமாயின் எரிபொருள் அழுத்தத்தை அளத்தல் தகும். பிழை பதிவான கணத்தின் வேகம், வெப்பநிலை முதலியனவும் கணினியில் உறைதரவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஆராயுமுன் குறியீட்டை அழித்தால் அவையும் அழிந்துவிடும்.