ஆளப் படிக்கும் பள்ளிகள் – 9: டையர் காதில் விழுந்தது

போன வாரம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாராவைக் கார் மேல் ஏற்றிவிட்டு ‘தொடரும்’ போட்டிருந்தோம். 1966 நவம்பர், ஹார்வர்டு, வியட்நாம் போர், சூழ்ந்து நின்ற மாணவர்கள், கடைசியில் சுரங்கப்பாதை. மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் சிங்கப்பூர். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியில் நடப்பு அரசியல் எப்படி வகுப்பறைக்குள் வருகிறது, மாணவர்கள் எதைக் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் எதை விழுங்குகிறார்கள் என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை குறிப்புகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடிச் சுவர் குறுக்கே வந்தது. இன்று வியாழன். இன்னும் அதைத் தாண்டவில்லை.

1942 ஜனவரி 31. மலாயா முழுக்க ஜப்பானியர் கைக்குப் போயாகிவிட்டது. மிஞ்சிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் ஜொகூரிலிருந்து காஸ்வே என்ற கடல்பாலம் வழியாகச் சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்தது ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு, பேக்பைப் வாசித்துக்கொண்டே. எனக்கென்னவோ சாவு மேளம்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் இந்தப் பக்கம் கால் வைத்த பிறகு காஸ்வேயை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

வெடிச் சத்தம் தீவின் வடக்கு விளிம்பிலிருந்து புக்கித் தீமா வரைக்கும் கேட்டது. அங்கே ராஃபிள்ஸ் கல்லூரி. அதன் நிர்வாகக் கட்டடத்துக் கைப்பிடிச் சுவரில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவ உதவிப் படையின் தொண்டர்கள். காயம்பட்டவர்கள் வந்தால் தூக்க வேண்டும். வரும்வரை காலாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருவர் மோரிஸ் பேக்கர், பின்னாளில் சிங்கப்பூரின் தூதராக டெல்லிக்கு வந்தவர். இன்னொருவருக்கு வயது 18, அப்போது எல்லோருக்கும் ஹாரி. வெடி அதிர்ந்ததும் ஹாரி பக்கத்திலிருந்த நண்பரிடம், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இத்தோடு முடிந்தது என்று சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரி முதல்வர் பேராசிரியர் டையர் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். (ஜாலியன்வாலாபாக் டையர் வேறு. இவர் வாத்தியார்.) பையன் சொன்னது காதில் விழுந்துவிட்டது. யுத்த காலம், பிரிட்டிஷ் கல்லூரி, பேசியவன் உதவித்தொகையில் படிக்கிற மாணவன். டையர் என்ன செய்திருக்க வேண்டும்? கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடந்து போய்விட்டார்.

சம்பவம் அவ்வளவுதான். இதை எழுதியவர் அந்த ஹாரியே, அதாவது பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் யூ, 1998-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில். 56 வருஷம் கழித்து எழுதும்போது வாக்கியம் கொஞ்சம் சாணை பிடிக்கப்பட்டிருக்கலாம்; அரசியல்வாதியின் ஞாபகசக்தி எஜமான் சொன்னபடி கேட்கும். ஆனால் டையர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் அப்படியே நம்புகிறேன். கட்டிய கதை என்றால் டையர் சீறியிருப்பார், இல்லையென்றால் கண் கலங்கியிருப்பார். காதில் விழுந்தும் விழாத மாதிரி ஒரு மனிதர் நடந்து போவது கதை கட்டுகிறவனுக்குத் தோன்றாது.

பதினைந்தே நாளில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது.

இதற்கும் நம் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்று உதவி ஆசிரியர் போனில் கேட்டார். சம்பந்தம் இதுதான்: லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி இன்று நடப்பது அதே வளாகத்தில்.

பள்ளி 2004-ல் பிறந்தது. அதற்கு முன்பே, 1992 முதல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கைப் படிப்பு ஒன்று நடந்துவந்தது. அதற்குத் துணை நின்றது ஹார்வர்டின் கென்னடி பள்ளி. ஆக, மெக்நமாரா ஏறிய காருக்கும் இந்தச் சுவருக்கும் தூரத்து உறவு உண்டு. வளாகமோ நல்ல வாடகை வீடு மாதிரி பல குடித்தனம் பார்த்தது. ராஃபிள்ஸ் கல்லூரி, மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சி, மேலாண்மைப் படிப்பு, பிறகு இவர்கள். 1929-ல் முறைப்படி திறந்த ராஃபிள்ஸ் கல்லூரிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் ஜாவாவின் சர்க்கரைச் சீமான் ஓய் தியோங் ஹாம், இன்னொருவர் யூத வணிகர் மனாசே மேயர். இருவர் பெயரும் இன்றைக்கும் கட்டடங்களின் மேல் இருக்கின்றன. 2007-ல் ஹாங்காங் கோடீஸ்வரர் லீ கா-ஷிங் 10 கோடி சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தார். அவர் பெயரிலும் ஒரு கட்டடம் உண்டு.

நான் அங்கே போனது ஒரு மழை விட்ட மதியம். பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டியில் இறங்கினால் பொடிநடை. வெள்ளை வளைவுகள், நீளத் தாழ்வாரம், நடுவில் வெட்டிவிட்ட புல்தரை. ஒரு கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் புத்தி கெட்டு உட்கார்ந்தேன். பேண்ட் நனைந்தது. துடைப்பமும் வாளியுமாக வந்த பெரியவர், “அண்ணே, ஈரம் அங்க, இந்தப் பக்கம் வாங்க” என்றார். புதுக்கோட்டைப் பக்கமாம். அவரிடம் டையர் கதையைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன்.

சரி, 2017.

அந்த வருஷம் ஜூன் 5 அன்று சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை வெட்டிக்கொண்டன. ஜூலை 1 அன்று ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கொள்கைப் பள்ளியின் முதல் டீன் கிஷோர் மஹ்பூபானி. சிந்திக் குடும்பம், ஐ.நா.வில் சிங்கப்பூரின் தூதராக இருந்து, பாதுகாப்பு அவைக்கு இரண்டு முறை தலைமை வகித்தவர். 1971-ல் தத்துவத்தில் பட்டம் வாங்கியதும் இதே புக்கித் தீமா வளாகத்தில்தான். கத்தாரிடம் சிங்கப்பூர் கற்க வேண்டிய பாடம் என்ன என்பது கட்டுரையின் பொருள். சிறிய நாடு எப்போதும் சிறிய நாடு மாதிரியே நடந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் விவகாரத்தில் வாயைக் கொடுக்கக் கூடாது. அதோடு நின்றிருக்கலாம். லீ குவான் யூ இருந்த காலம் வேறு, அவருக்கு உலகத்தில் இருந்த மரியாதை வேறு, அவர் இல்லாத காலத்தில் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். தென்சீனக் கடல் வழக்கில் 2016-ல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது சிங்கப்பூர் இன்னும் நிதானமாகப் பேசியிருக்கலாம் என்று உதாரணமும் கொடுத்தார்.

நம் பாஷையில், அடக்கி வாசி என்றார்.

அது கத்தாரைப் பற்றிய கட்டுரை என்று யாரும் படிக்கவில்லை. எட்டு மாதம் முன்புதான் தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய சிங்கப்பூர் ராணுவத்தின் 9 டெர்ரெக்ஸ் கவச வண்டிகளை ஹாங்காங் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள்; ஜனவரியில்தான் விட்டார்கள். சீனாவிடம் எவ்வளவு குனிவது என்பது அந்த வருஷம் சிங்கப்பூரின் சாப்பாட்டு மேஜைப் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் ஒரு டீன் வந்து உட்கார்ந்துவிட்டார். அதுவும் யார் பெயரைத் தாங்கிய பள்ளியின் டீன், யார் இல்லாத காலத்தைப் பற்றி எழுதுகிறார் பாருங்கள்.

முதல் அடி ஃபேஸ்புக்கில் விழுந்தது. அடித்தவர் பிலஹரி கௌசிகன், வெளியுறவு அமைச்சகத்தின் முன்னாள் நிரந்தரச் செயலாளர்.

இங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அவருடைய முழுப் பெயர் பிலஹரி கிம் ஹீ பாபநாசம் சேத்லூர் கௌசிகன். ஒரு ராகம், ஒரு சீனப் பெயர், ஒரு தஞ்சாவூர் ஜில்லா ஊர்ப் பெயர், ஒரு ரிஷி, எல்லாம் ஒரே பாஸ்போர்ட்டில். தந்தை பி. எஸ். ராமன் சிங்கப்பூரின் தூதராக இருந்தவர், தாய் சீன வம்சம். பிலஹரி காலையில் பாடுகிற ராகம். கேட்டால் தூக்கம் போய்விடும். நம் பிலஹரியும் அப்படித்தான். அடக்கி வாசி என்ற கட்டுரைக்கு அவர் எழுதிய பதிலில் அடக்கம் மருந்துக்கும் கிடையாது. கட்டுரை குழப்பம் என்றார், ஆபத்து என்றார். தலைவர்கள் சிறிய நாட்டுக்காரர்கள் மாதிரியே நடந்திருந்தால் சிங்கப்பூர் பிழைத்தே இருக்காது என்பது அவர் வாதம். மஹ்பூபானியும் இவரும் ஒரே அமைச்சகத்து ஆட்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1998-ல் ஐ.நா.வில் இவர் விட்ட நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். பங்காளிச் சண்டையில் இருக்கிற சூடு அந்நியர் சண்டையில் இருக்காது.

அடுத்து வந்தவர் சட்டம், உள்துறை அமைச்சர் கா. சண்முகம். லீ குவான் யூ ஒருநாளும் யாரிடமும் கைகட்டி நிற்கச் சொன்னதில்லை என்ற கருத்தில் எழுதினார். ஒரு டீன் நாளிதழில் எழுதிய கட்டுரைக்கு, உள்துறையைக் கையில் வைத்திருக்கிற அமைச்சர் உடனே பதில் எழுதுகிறார்.

டையர் நினைவுக்கு வந்தது இங்கேதான். 1942-ல் அதே வளாகத்தில் ஒரு பையன் சாம்ராஜ்யத்துக்கே நாள் குறித்தான். காதில் விழுந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2017-ல் யாரும் முகத்தைத் திருப்பவில்லை, நேராக வந்து முகத்துக்கு நேரே பேசினார்கள். பதில் சொல்வது மரியாதைதான். வாதத்துக்கு வாதம், யாரும் கட்டுரையைத் தடை செய்யவில்லை, பத்திரிகையைப் பூட்டவில்லை. மஹ்பூபானி மாதிரி உலகம் சுற்றியவருக்கு அது ஒரு நல்ல ஆட்டம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதே பள்ளியில் அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய ஓர் இளம் விரிவுரையாளர் இருந்தால், அவர் மடிக்கணினியில் சீனாவைப் பற்றிப் பாதி எழுதின கட்டுரை ஒன்று இருந்தால், அந்த வாரம் அவர் அதைத் திறந்திருப்பாரா? எனக்கு டீனைவிட அந்த விரிவுரையாளர்மேல்தான் கவலை. சாயப்போகிற அதிகாரத்துக்குப் பதில் சொல்லத் தெம்பிருக்காது. நிலைத்த அதிகாரம் பதில் சொல்லும், நன்றாகவே சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மூன்றாவது ஆள் தன் பேச்சைச் சுருக்கிக்கொள்வான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பிலஹரிக்கு அநியாயம் செய்தவனாவேன். கொள்கைப் பள்ளிக்குள்ளேயே கொள்கை ஆய்வுக் கழகம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1988-ல் தனியாகப் பிறந்து 2008-ல் பள்ளியோடு சேர்ந்தது. அங்கே எஸ். ஆர். நாதன் பெயரில் ஓர் ஆய்வாளர் பதவி உண்டு. சிங்கப்பூரின் அதிபராக இருந்த நம்மவர். அந்தப் பதவியில் 2015-16ல் உட்கார்ந்து தொடர் சொற்பொழிவு ஆற்றியவர் பிலஹரி. ஆக, பள்ளியின் மேல் வெளியிலிருந்து கல்லெறிந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர்தான். அரசுக்குள் இருந்தவர் பள்ளிக்கு வருகிறார், பள்ளியில் இருப்பவர் அரசுக்குச் சொல்கிறார். நடுவில் திண்ணை மாதிரி இந்த இடம்.

அந்தத் திண்ணையில் யார் யார் வந்து உட்காரலாம் என்ற கேள்வி ஒரே மாதத்தில் எழுந்தது. 2017 ஆகஸ்டில் பள்ளியின் அமெரிக்க-சீன உறவுத் துறைப் பேராசிரியர் ஹுவாங் ஜிங்கின் நிரந்தரவாச உரிமையை உள்துறை ரத்து செய்தது. ஒரு வெளிநாட்டுக்காகச் செல்வாக்குச் செலுத்தும் ஆளாக வேலை பார்த்தார் என்றது. எந்த நாடு என்று பெயர் சொல்லவில்லை. அவர் மறுத்தார். வெளியேறினார். வருஷக் கடைசியில் மஹ்பூபானியும் டீன் பதவியிலிருந்து இறங்கினார். கட்டுரைக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. முந்தைய வருஷம்தான் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நான் முடிச்சுப் போடவில்லை. அடுத்த டீனாகப் பொருளாதார அறிஞர் டேனி குவா வந்தார்.

உதவி ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். “சார், மேட்டர் ஆயிரத்து நானூறைத் தாண்டிடுச்சு. வகுப்பறை எங்கே சார்?”

வகுப்பறை அடுத்த வாரம். 2013 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு மக்கள்தொகை வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2030-ல் தீவில் 69 லட்சம் பேர் இருக்கக்கூடும் என்ற ஒரே ஓர் எண்ணுக்காக, போராட்டமே பழக்கமில்லாத ஊர் ஹாங் லிம் பூங்காவில் திரண்டது. அந்த எண்ணோடு ஒரு கொள்கைப் பள்ளி என்ன செய்யும் என்பதிலிருந்து தொடங்குவேன். இந்தத் தடவை சத்தியமாக.

அந்தப் பெரியவர் கதையைக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

“அந்த வாத்தியார் ஒண்ணுமே சொல்லலியா?”

“சொல்லலை.”

“பையன் பேரக் கேட்டு வச்சிருப்பாருண்ணே” என்றார், சுவரைத் துடைத்துக்கொண்டே.