சட்டைப்பைக்கு ஏற்ற கத்தி

வீட்டுக்கு வரும் பார்சலை எதைக் கொண்டு பிரிக்கிறீர்கள்? பெரும்பாலும் வண்டிச் சாவி. இல்லையென்றால் பேனா முனை. அதுவும் அகப்படாவிட்டால் பல். ரயிலில் கொய்யா வாங்கினால் கடித்தே தின்ன வேண்டியதுதான். சட்டைக் காலரில் குத்துகிற லேபிளைப் பிய்த்தால் துணியும் சேர்ந்து கிழிகிறது. இப்படிப்பட்ட சில்லறை வேலைகளுக்கென்றே மடக்குக் கத்தி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே, "எதுக்குங்க கத்தியெல்லாம்?" என்று கேட்பார்கள்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சினிமாவில் நாம் பார்த்துப் பழகியது, வில்லன் பொத்தானை அழுத்தியதும் 'சடக்' என்று வெளியே பாயும் கத்தி. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் அந்த வகைக் கத்திக்குப் பேர் போன ஊர். 2023-ல் அங்கே ஒரு சந்திப்பில் சுமார் 20 அடி நீளக் கத்தியைச் சிலைபோல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான கத்தி. சின்னது, மெல்லியது, பூட்டு இல்லாதது, இரண்டு கையையும் வைத்துத்தான் திறக்க முடிவது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்தால் பயப்படக் கூடாது. "இதோட கத்தரிக்கோல் கொஞ்சம் கொடுங்க" என்று கேட்க வேண்டும்.

அப்படியொரு கத்திக்கு உலகமறிந்த உதாரணம் சுவிட்சர்லாந்து ராணுவக் கத்தி. 1889-ல் அந்நாட்டு ராணுவம் புதுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது, அதைக் கழற்றிப் பூட்ட ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது. தகர டின்னில் வரும் உணவைத் திறக்க இன்னொரு கருவி வேண்டும். எல்லாவற்றையும் கத்தியோடு சேர்த்து ஒரே பிடிக்குள் அடக்கக் கேட்டார்கள். இபாக் என்ற ஊரில் 1884-ல் பட்டறை வைத்த கார்ல் எல்ஸ்னர், 1891-ல் அந்தக் கத்தியை ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய்க் கத்தி கனமாக இருந்ததால், அதிகாரிகளுக்காக இலேசான ஒன்றை வடிவமைத்து 1897-ல் பதிவு செய்தார். இன்று விக்டோரிநாக்ஸ் என்ற பெயரில் சிவப்புப் பிடியோடு விற்பவை அந்த வம்சம்தான். ராணுவம் கேட்டு வந்த பொருள் என்றாலும், அது கேட்டது சண்டைக்கான கத்தி இல்லை என்பதைக் கவனியுங்கள். டின் திறக்கவும் திருகாணி கழற்றவும்தான் கேட்டது.

கடைக்குப் போனால் கண்ணாடி அலமாரியில் முன்னால் நிற்பது முப்பதுக்கு மேல் வேலை செய்யும் தடித்த கத்தி. கையில் எடுத்ததும் ஆசை வரும். வாங்காதீர்கள். அதைச் சட்டைப்பையில் போட்டால் குனிகிறபோது விழும், பேன்ட் பையில் போட்டால் தொடையை உறுத்தும். ஒரு மாதத்தில் மேஜை டிராயருக்குப் போய்விடும். தினமும் கையோடு இருப்பதற்கு மூன்று அளவுகளைப் பார்த்தால் போதும். மடக்கிய நிலையில் 58, 84, 91 மில்லிமீட்டர்.

58 மில்லிமீட்டர் 'கிளாசிக்' சாவிக்கொத்தில் தொங்கும். எடை ஏறக்குறைய 21 கிராம். ஒரு சின்ன அலகு, கத்தரிக்கோல், நக அரம், முள்வாங்கி, பல்குத்தி. அலகு ஒன்றரை அங்குலம்கூட வராது. ஆப்பிளை இரண்டாக்கத் திணறும். ஆனால் மருந்து அட்டை, பால் பாக்கெட், நூல், பார்சல் டேப் என்று ஒரு நாளில் நாம் வெட்டுகிற பொருள்களில் முக்கால்வாசிக்கு அதுவே தாராளம். அதிலும் அந்தக் கத்தரிக்கோல்! அலகைவிட அதைத்தான் அதிகம் எடுப்பீர்கள். சுடிதாரில் பையே இல்லாத பெண்களுக்கும், வேட்டி சட்டையில் இருக்கும் ஒரே பையைக் கண்ணாடிக்கும் பேனாவுக்கும் கொடுத்துவிட்ட பெரியவர்களுக்கும் இதற்கு மேல் ஒன்று தேவையில்லை.

பழம் நறுக்குகிற பழக்கம் உள்ளவர்கள் 84 மில்லிமீட்டருக்குப் போகலாம். அதில் 'கேடட்' என்ற அலுமினியப் பிடி மாடல் ஒல்லியானது, பையில் இருப்பதே தெரியாது. 91 மில்லிமீட்டரில் 'ஸ்பார்ட்டன்' வரைக்கும் சரி, அதற்கு மேல் அடுக்கு கூடக்கூடக் கனம்தான். ஸ்பார்ட்டனில் ஒரு கார்க் ஸ்க்ரூ இருக்கும். நம்மில் எத்தனை பேர் ஒயின் பாட்டிலின் தக்கையைக் கழற்றுகிறோம் என்று தோன்றலாம். ஆனால் இறுகிப்போன முடிச்சுக்குள் அதன் முனையை நுழைத்து நெம்பினால் முடிச்சு தளர்ந்து கொடுக்கும். மூக்குக் கண்ணாடித் திருகுக்கான குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்று உண்டு. அதை இந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுபவர்கள் அதற்காகவே இந்த மாடலை வாங்கலாம் என்பேன்.

இனி, பூட்டு விஷயம். மேலே சொன்ன எந்தக் கத்தியிலும் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில்தான் அலகு திறந்து நிற்கிறது. கீழ்நோக்கி அழுத்தி வெட்டும்போது அலகு இன்னும் திறக்கவே பார்க்கும், மடங்காது. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோதான் விரலின் மேல் மடங்கும். ஆகவே இந்தக் கத்தியால் குத்தித் துளைக்கக் கூடாது, இழுத்துத்தான் வெட்ட வேண்டும். துளை போட வேண்டுமென்றால் ஸ்பார்ட்டன் போன்றவற்றில் அதற்கென்றே ஊசிமுனைக் கருவி இருக்கிறது. இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் நகர வாழ்க்கையில் பூட்டின் தேவை வராது. ஒற்றைக் கையால் படக்கென்று திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகள் மலையேறுபவர்களுக்கும் படகில் கயிறு அறுப்பவர்களுக்கும் உரியவை. பஸ்ஸில் போகிறவருக்கு அவை வேண்டாத பார்வையைத்தான் தேடித்தரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் நம் ஆயுத விதிகள் வாள், ஈட்டியோடு சேர்த்துப் பட்டியலிடுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. டெல்லியில் 1980 அறிவிக்கை ஒன்று பொத்தான் கத்திகளுக்கு இன்னும் இறுக்கமான அளவு வைத்தது: 7.62 செ.மீ நீளம், 1.72 செ.மீ அகலம். பொத்தானைக் கண்டால்தான் சட்டத்துக்கு எரிச்சல் என்பது இதிலிருந்தே புரியும். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதே திசையில்தான்: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள், பூட்டு இல்லாத மடக்குக் கத்தி என்றால் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம், பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். சட்டத்தில் இடம் இருப்பது வேறு, இரவு பத்து மணிக்கு வாகனச் சோதனையில் போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்வது வேறு. கத்தரிக்கோலும் பல்குத்தியும் உள்ள சிவப்புக் கத்திக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

விக்டோரிநாக்ஸுக்கு மாற்றாகச் சொல்லத் தகுந்தது பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியிலிருந்து வரும் ஓப்பினெல். ஜோசப் ஓப்பினெல் 1890-ல் செய்த எளிய கத்தி: ஒரு மரப்பிடி, ஒரு அலகு, அவ்வளவே. அளவை எண்ணால் சொல்வார்கள். 6-ஆம் எண் நம் பைக்குச் சரி. பழம் நறுக்குவதில் சுவிஸ் கத்தி இதன் பக்கத்தில்கூட வர முடியாது, அலகு அத்தனை மெல்லிசு. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1955 முதல் இதில் சுழலும் வளையப் பூட்டு இருக்கிறது. அடுத்து, மழைக்காலத்தில் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ள, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். அப்போது நகத்தோடு போராடாமல், பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோய்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகை கிடைக்கும். கடலோர ஊர்க்காரர்கள் இரண்டாவதையே எடுக்கவும். கார்பன் அலகில் மாங்காயோ எலுமிச்சையோ பட்டால் சற்று நேரத்திலேயே கறுக்கும். வியர்வையோடு பையில் கிடந்தால் துரு நிச்சயம்.

எஃகின் ரகத்தை வைத்து மிரட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். விக்டோரிநாக்ஸ் எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவுக்குத்தான். அதைவிடக் கடினமான எஃகு நிறைய உண்டு. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் மழுங்கினால் வீட்டில் தீட்டுவது பெரும்பாடு. மிதமான எஃகு சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதில் அலகை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, பக்கத்துக்குப் பத்துத் தடவை மெதுவாக இழுத்தாலே காகிதத்தை வழித்துக்கொண்டு போகும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய அலகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் கூர் நிற்காது. மூட்டுக்கு எண்ணெய் விடும்போது தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகி இறுகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். பழம் நறுக்கினாலும் பயமில்லை.

வாங்கும்போது கடையிலேயே அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. மடக்கும்போது 'டக்' என்று ஸ்பிரிங் இழுத்துக்கொள்ள வேண்டும். மடக்கிய அலகு பிடியின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் பெரும்பாலும் வலதுகைக்காரர்களுக்குத் தோதாகத்தான் இருக்கும்; இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். வயதானவர்களுக்குப் பரிசளிப்பதானால் அவர்கள் நகத்துக்குத் திறக்கிறதா என்பது முக்கியம். பஜாரில் குவித்துப் போட்டு விற்கும், கறுப்பு வண்ணமும் ராணுவப் பெயரும் கொண்ட ஸ்பிரிங் கத்திகளின் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பல தடித்த அலகுகள். கொய்யாவை வெட்டாது, பிளக்கும்.

இவ்வளவுக்கும் ஸ்டேஷனரி கடையில் விற்கும் பிளாஸ்டிக் கட்டர் போதாதா என்றால், பார்சலுக்கு மட்டும் என்றால் போதும். பழத்துக்கு ஆகாது, பையில் தானாக நழுவித் திறந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு.

2001 செப்டம்பருக்குப் பிறகு விமானப் பயணிகளின் கைப்பையில் கத்திக்குக் கெடுபிடி வந்து, விக்டோரிநாக்ஸின் விற்பனையே சரிந்தது. 2024-ல் அந்த நிறுவனம் அலகே இல்லாத கருவிகளை உருவாக்கிவருவதாக அறிவித்தது. நம் விமான நிலையங்களிலும் கைப்பையில் கத்திக்கு இடமில்லை, செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்கலாம். சாவிக்கொத்தில் கிளாசிக்கைத் தொங்கவிட்டிருப்பவர்கள், ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.